நான் தள்ளிவைத்த ஒரே விடுதி

நான் வேலை செய்த அலுவலகத்தில், எந்த இடத்துக்காவது ஃபர்ம்வேர் புதுப்பிப்பைத் தள்ளிவைப்பதாக இருந்தால் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியாக வேண்டும். ‘ஏன் தள்ளிவைக்கிறீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்?’ அதைக் காலியாக விட்டால் படிவம் நகராது. போன மாதம், புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் எனக்கு வாட்சாப்பில் குரல்செய்தி அனுப்பியிருந்தார்கள். “ஆண்ட்டி, இந்தக் கட்டத்த யாரு போட்டா? ஒவ்வொரு தடவையும் கதை எழுத வேண்டியிருக்கு லா. மிஸ்ஸக் கேட்டா, சரஸ் அக்காகிட்ட கேளுங்கன்னு சிரிக்கிறாங்க.”

மிஸ் என்று நாங்கள் கூப்பிடும் மேலாளர் சிரித்தார் என்பதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்தக் கட்டம் என்னால் வந்தது. குரலிலேயே பதில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டையும் பாதியில் அழித்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலை அறியாதவர்களும் படிக்கலாம் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கடை, கிளினிக், பள்ளி, விடுதி என்று எங்கே போனாலும் கூரையில் வெள்ளையாக ஒரு வைஃபை பெட்டி ஒட்டியிருக்கும். அதற்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். அதில் ஓட்டை இருப்பது தெரிந்தால், பெட்டியைச் செய்த நிறுவனம் புதிய பதிப்பு ஒன்றை வெளியிடும். அதை ஏற்றும்போது பெட்டி அணைந்து மறுபடி எழும். எழும்வரை அங்கே இணையம் இருக்காது. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் எங்கள் பொறுப்பில் இருந்த நாற்பது சொச்சம் இடங்களுக்கு அந்தப் புதிய பதிப்பை ஏற்றுவதுதான் என் வேலை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு டிப்ளோமா, பிறகு ஏணி. பத்து வருடங்களுக்கு மேல் ஏணியும் கேபிளும்தான் என் உலகம். அப்போதெல்லாம் ஒவ்வோர் இடத்துக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், பெட்டியில் கேபிளைச் சொருகி, நடுவில் மின்சாரம் போய்விடக் கூடாதே என்று நின்றுகொண்டே ஏற்ற வேண்டும். பிறகு, பெட்டிகளை இணையம் வழியாகத் தூரத்திலிருந்தே இயக்கும் கிளவுட் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, டேஷ்போர்டு என்ற திரைப்பக்கத்தில் இடத்தைத் தேர்ந்தெடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். என் முட்டிக்கு அது பெரிய வரம். ஆனால் ஏணியில் நிற்பவளுக்குக் கீழே யார் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று தெரியும். நாற்காலியில் இருப்பவளுக்குத் தெரியாது.

எங்கள் மேலாளர் மெய்லிங் சீனர், என்னைவிட ஒன்பது வயது இளையவர். எங்கள் ஊரான பெம்பானில் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார்; ஊரார் அவரைத் தௌக்கே, அதாவது முதலாளி, என்பார்கள். கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகளோடு விளையாடியே மிஸ் தமிழ் கற்றுக்கொண்டார். விளையாட்டில் ஒருவரை ஒருவர் ‘நீங்கள்’ என்று யார் சொல்வார்கள்? அதனால் அவருடைய தமிழில் அந்தச் சொல்லே கிடையாது. என் வயதுக்காக ‘அக்கா’ என்பார். அடுத்த சொல்லிலேயே ‘நீ’ என்பார். வேலைக்கு என்னை எடுத்த நாளில் அவர் கேட்டது இது.

“அக்கா, நீ ஏணி ஏறுவியா?”

“ஏறுவேன் மிஸ்.”

“எறங்கத் தெரியுமா? முன்னாடி இருந்தவனுக்கு ஏறத்தான் தெரிஞ்சுது.”

கிளவுட் வந்த புதிதில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்துதான் மிஸ்ஸின் நடைமுறை பிறந்தது. ஊர்ப்புறத்தில் ஒரு திருமண மண்டபம் எங்கள் வாடிக்கையாளராக இருந்தது. டேஷ்போர்டில் அந்த மண்டபத்தின் இணையப் பயன்பாட்டைக் காட்டும் கிராப் பல வாரங்களாகத் தரையோடு தரையாகக் கிடந்தது. யாருமே இணையத்தைப் பயன்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை அலுவலகங்கள் மூடியிருக்கும், அதுதான் நல்ல நேரம் என்று நினைத்து ஒன்பது மணிக்குக் குறித்துவிட்டேன். அன்று அங்கே முகூர்த்தம். மணப்பெண்ணின் அண்ணன் கப்பலில் வேலை செய்பவர்; அவருக்குக் கல்யாணத்தை வீடியோவில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கெட்டிமேளம் கேட்டதோடு அவருடைய திரை நின்றுபோனது. தங்கை கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் மிஸ் என்னைத் திட்டவில்லை. காரில் உட்காரவைத்து அந்த மண்டபத்துக்கே அழைத்துப் போனார். தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம், “மாமா, நேத்து இங்க கல்யாணம்னு ஒனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார்.

“போன தீபாவளிக்கே தெரியுமே. ஏன் தௌக்கே மகளே, நீ வரலியா?”

மிஸ் என் பக்கம் திரும்பினார். “பாத்தியாக்கா? கிராப்புக்குத் தெரியல. மாமாவுக்குத் தெரியுது.”

அன்றிலிருந்து எந்தப் பொத்தானை அழுத்துவதற்கும் முன்னால் நாங்கள் தொலைபேசியில் பேசினோம். அதற்கு மிஸ் வகுத்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மீறியது அதைத்தான். முதலில் டேஷ்போர்டில் அந்த இடத்தின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். புதிய இடம் ஒன்றை உருவாக்கும்போது நாமாக மாற்றாவிட்டால் அதன் கடிகாரம் அமெரிக்க நேரத்தில்தான் ஓடும். பிறகு, இப்போது ஏறியிருக்கும் பதிப்பு எது, அதிலிருந்து நேராகப் புதியதற்குத் தாவலாமா, நடுவில் ஒரு படி வேண்டுமா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகு அந்த இடத்தில் இருக்கும் ஒருவரை அழைக்க வேண்டும்.

யாரை என்பதில் மிஸ் கறாராக இருந்தார். “மேனேஜர் நம்பர் எழுதாத. மேனேஜர் தூரத்துல கே.எல்.ல இருப்பான். பெட்டிகிட்ட நடந்து போற ஆளு யாரு? அவ பேரு, அவ போனு. ஒவ்வொரு தடவையும் கூப்புடு. கூப்புட்டாத்தான் அவ இருக்காளா, வேலைய விட்டுட்டாளா, செத்தே போயிட்டாளான்னு தெரியும்.”

அழைத்ததும் முதலில் கேட்க வேண்டியது, “சாப்பிட்டாச்சா?” அதற்கு அவர் சொல்லும் பதிலில் பாதி விஷயம் வந்துவிடும். “எங்கம்மா சாப்பிடுறது, இன்னிக்கு ஆடிட் நடக்குது” என்பார் ஒருவர். “இன்னிக்கு டாக்டரே வரல, சும்மாதான் ஒக்காந்திருக்கோம்” என்பார் இன்னொருவர். அதன்பிறகுதான் நேரம் குறிப்போம். இப்படி எனக்கு நாற்பது இடங்களில் நாற்பது பேர் பழக்கமானார்கள். கிளினிக் ஆயாக்கள், பள்ளிக் காவலாளிகள், ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி. அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் போயிருக்கிறேன்.

இனி என் மகளைப் பற்றி.

தர்ஷினி எங்களுக்கு ஒரே பிள்ளை. பன்னிரண்டு வயதில் அவளுக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, வந்தது. வயதானவர்களுக்கு வருவது போன்றது இல்லை. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் ஊசி. அளவு கொஞ்சம் கூடினாலோ சாப்பாடு கொஞ்சம் குறைந்தாலோ சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வேர்க்கும், பேச்சு குழறும், உடனே இனிப்பாக எதையாவது குடிக்கவைக்காவிட்டால் மயங்கிவிடுவாள். அவள் கையில் ஒரு சிறு சென்சார் ஒட்டியிருக்கும். அது அவளுடைய போனுக்கு எண்ணைச் சொல்லும். போன் இணையத்தின் வழியாக அதை எனக்கு அனுப்பும். எண்ணும் பக்கத்தில் ஓர் அம்பும். எண் நாலுக்குக் கீழே போனால் ஆபத்து, அவள் போனில் அலாரம் அடிக்கும். அம்பு மேலே பார்த்தால் ஏறுகிறது, கீழே பார்த்தால் இறங்குகிறது. ஆறு வருடங்களாக நான் சோறு கிளறியதும், பல் விளக்கியதும், கூட்டங்களில் உட்கார்ந்ததும் அந்த எண்ணைப் பார்த்தபடிதான்.

பதினெட்டு வயதில் அவளுக்குப் புக்கிட் பெருவாங்கில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. தனியார் மகளிர் விடுதி ஒன்றில் சேர்த்தோம். அது எங்கள் அலுவலகத்தின் புதிய வாடிக்கையாளர். அதன் பெட்டிகளை மாட்டியதும் டேஷ்போர்டில் அதை உருவாக்கியதும் நான்தான். அவளுக்குக் கிடைத்த அறை மூன்றாவது மாடியில், குன்றைப் பார்த்த பின்பக்கம். அங்கே கைப்பேசி சிக்னல் எட்டாது. வைஃபை மட்டும்தான்.

இரண்டாவது வாரத்திலேயே அந்த விடுதிக்கு முதல் ஃபர்ம்வேர் அறிவிப்பு வந்தது. வழக்கமான நேரம் அதிகாலை இரண்டு மணி. அவளுக்குச் சர்க்கரை இறங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். என் விரல் ‘பிறகு’ என்ற பொத்தானுக்குப் போனது. மிஸ்ஸிடம் சொல்லவில்லை. அடுத்த அறிவிப்பு வந்தபோதும் அப்படியே செய்தேன். மூன்றாவதற்கும் அப்படியே. பகலில் ஏற்றியிருக்கலாமே என்று இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். நானும் என்னை அப்படிக் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த எண் சில நிமிடங்கள் மறைந்துபோகும் என்று நினைத்ததுமே ‘பிறகு’ என்று அழுத்திவிடுவேன். அதற்குப் பகலென்ன, இரவென்ன?

எதையும் ஏற்றப்போவதில்லை என்பதால் அந்த விடுதிக்கு நான் போன் செய்யவும் இல்லை. அதன் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. முதல் புதுப்பிப்பின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான். மற்ற எல்லா இடங்களையும் அழைத்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். என் பிள்ளை இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

எட்டாவது மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. அதில் ‘பிறகு’ என்ற பொத்தான் இல்லை. பழைய பதிப்பில் பெரிய ஓட்டை இருப்பதால், ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு கிளவுடே புதிய பதிப்பை ஏற்றிவிடும் என்றிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதிதான். வெள்ளிக்கிழமை மாலை தர்ஷினி பெம்பானுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஞாயிறு அதிகாலையில் என் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் இல்லாத நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

ஞாயிறு காலை எழுந்ததும் டேஷ்போர்டைப் பார்த்தேன். விடுதியின் பெட்டிகள் எல்லாம் பச்சை. முடிந்தது என்று போனை வைத்துவிட்டேன். பச்சை என்றால் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எந்தப் பதிப்பு ஏறியிருக்கிறது என்று பார்க்க இன்னும் ஒரு முறை தட்ட வேண்டும். நான் தட்டவில்லை.

மதியம் கோழிக்குழம்பு. முழுத் தட்டுச் சோற்றுக்கு ஊசி போட்டுக்கொண்டு தர்ஷினி உட்கார்ந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“இப்ப எவ்வளவு காட்டுது?”

“ஒங்க போன்லயும்தான் வருதும்மா.”

“நீ சொல்லேன். ராத்திரி அந்த அலாரத்தச் சத்தமா வைக்கிறியா, இல்லியா?”

“அம்மா, நான் சாப்பிடவா, ரிப்போர்ட் எழுதவா?” பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். ஊசி முழுத் தட்டுக்கு, சோறு பாதித் தட்டு. நான் அதைக் கவனித்தேன். இன்னொரு சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன்.

நாலு மணிக்கு முன்பாக அவளை விடுதியில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். அறைத் தோழி இரவுதான் வருவாள். வீட்டுக்கு வந்து நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு எண்ணைப் பார்த்தேன். 4.4. அம்பு கீழே பார்த்தது. இறங்குகிறது, போன் செய்யலாம் என்று நினைப்பதற்குள் எண் மறைந்து அந்த இடத்தில் சாம்பல் நிறக் கோடு மட்டும் நின்றது.

டேஷ்போர்டைத் திறந்தேன். விடுதியின் பெட்டிகள் அத்தனையும் சிவப்பு. பக்கத்தில், ‘புதுப்பிக்கப்படுகிறது.’

நான் மாற்றாமல் விட்ட விடுதிக் கடிகாரம் அமெரிக்காவின் மேற்குக் கரை நேரத்தில் ஓடியது; அங்கே அப்போது ஞாயிறு அதிகாலை இரண்டு மணி. எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. அந்த ஒரு நொடியை மறக்க இன்னும் முடியவில்லை.

“என்னங்க, வண்டிய எடுங்க” என்று கத்தினேன். என் கணவர் என்ன, ஏது என்று கேட்காமல் சாவியை எடுத்தார். பெம்பானிலிருந்து அங்கே போக அரை மணி நேரம். காரில் உட்கார்ந்தபடி அவளை அழைத்தேன். அறையில் சிக்னல் இல்லை, வைஃபையும் இல்லை. அழைப்பு போகவே இல்லை. விடுதி அலுவலகத் தொலைபேசியும் அதே இணையத்தில் ஓடுவதுதான். அதுவும் செத்துக் கிடந்தது. தோழியை அழைத்தேன். அவள் சிரம்பானில் பேருந்துக்குக் காத்துக்கொண்டிருந்தாள். “ஆண்ட்டி, அவ தூங்குனா அலாரம் கேக்காது” என்றாள். அது எனக்கும் தெரியும்.

மிஞ்சியது எங்கள் கோப்பில் நான் எழுதிவைத்த பெயர் ஒன்றுதான். லெட்சுமி, விடுதித் துப்புரவுப் பணியாளர். பெட்டிகள் மாட்டிய வாரத்தில் எனக்கு ஏணி பிடித்தவர். எட்டு மாதங்களாக ஒரு தடவைகூட அழைக்காத எண்ணை அழைத்தேன்.

“யாரு?”

“லெட்சுமிக்கா, நான் சரஸ். வைஃபை மாட்ட வந்தேனே. ஹாஸ்டல்லதான இருக்கீங்க?”

“அட, நீயா! ஹாஸ்டல்லேந்து நான் நின்னு அஞ்சு மாசம் ஆச்சே. சுங்கை ரம்பாய்ல மவன் வீட்ல இருக்கேன். மாட்டுறப்ப அவ்வளவு பேசுன, அப்புறம் ஒரு போனு கெடையாது.”

நான் அழுதுவிட்டேன். “என் மக மூணாவது மாடில தனியா இருக்காக்கா. அவளுக்கு இனிப்புநீரு. எறங்கிட்டிருக்கு. யாரும் போன் எடுக்கல.”

“என்ன ரூமு?”

“பன்னெண்டு.”

“கீழ துணி வெளுக்குற டோபிக் கடை யாத்தி இருப்பா. ஞாயித்துக்கெழமயும் மூட மாட்டா, காசுன்னா உசுரு அவளுக்கு. என்ன குடுக்கணும்? இனிப்பா?”

“இனிப்பா எதுன்னாலும். சீராப், மைலோ...”

“போன வையி.”

வைத்தேன். கார் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கணவர் ஹார்ன் அடிக்காத மனிதர், அன்று அடித்தார். ஆம்புலன்ஸை அழைக்கலாம் என்று 999ஐத் தட்டும்போது லெட்சுமியக்காவின் எண் திரையில் வந்தது.

“சரசு, கேளு. யாத்தி மேல போயிட்டா. கதவத் தட்டித் தட்டிக் கை வலிச்சுப்போச்சாம். ஒம்புள்ள தொறந்துருச்சு. வேர்த்து ஊத்துதாம். என்னமோ இங்கிலீசுல ஒளறுதாம். சீராப் பாக்கெட்ட வாயில வச்சுட்டா. பாதி குடிச்சிருச்சு. சிக்னலுக்காகப் படிக்கட்டுக்கு வந்து சொல்றா.” பக்கத்தில் இன்னொரு போனில் யாத்தியின் மலாய்க் குரல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. லெட்சுமியக்கா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஒம்புள்ள அவள மக்சிக்னு கூப்பிட்டுருச்சாம். நான் என்ன அவ்வளவு கெழவியான்னு கோவப்படுறா. கெழவிதான், நீ சொல்லாத.”

அந்த நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையோடு சேர்ந்து வந்தது. கணவர் காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஒரு நிமிடம் இருந்துவிட்டு மறுபடி ஓட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தர்ஷினி கட்டிலில் காக் யாத்தியின், அதாவது யாத்தி அக்காவின், தோளில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். 5.3. காக் யாத்தி, படியில் கழன்று விழுந்த தன் செருப்பைத் தேடிக்கொண்டு இறங்கிப் போனார்.

“நெட் ஏம்மா போச்சு?” என்று தர்ஷினி கேட்டாள். அவள் சும்மாதான் கேட்டாள்.

“நான்தான்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. “எட்டு மாசமாவா? இங்க நூறு பேருக்கு மேல இருக்கோம்மா. எல்லாரும் இதுலதான பரீட்சை எழுதுறோம், பேங்க் பாக்குறோம். எனக்காக எல்லாரையும் ஓட்ட வைஃபைல வச்சிருந்தீங்களா?” மீதி ரொட்டியைக் கட்டிலில் வைத்தாள். பிறகு மெதுவாக, “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, அன்னிக்கு நான் கேண்டீன்ல போய் ஒக்காந்திருப்பேனே” என்றாள்.

திங்கட்கிழமை காலை மிஸ்ஸின் அறைக் கதவைச் சாத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நாட்களையும் நேரங்களையும் வரிசையாக எழுதச் சொன்னார். எழுதினேன். வாசித்தார். பல பதிப்புகள் பின்தங்கியிருந்ததால் இரண்டு படிகளாக ஏற வேண்டியிருந்தது, மூன்றாவது மாடியில் ஒரு பெட்டி நடுவிலேயே நின்றுவிட்டது என்ற வரியின் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார். “விடுதி முதலாளிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. இப்பவே. உள்ளது உள்ளபடி. நான் பக்கத்துல இருக்கேன்.” சொன்னேன். அவர் கோபப்பட்டார். கோபப்பட வேண்டியவர்தான்.

போனை வைத்ததும் மிஸ் கேட்டார். “எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா, நீங்க செய்யின்னு சொல்லுவீங்க மிஸ்.”

“ஆமா, சொல்லுவேன். பகல்ல செய்யச் சொல்லுவேன். நான் புக்கிட் பெருவாங் போயி, ஒம்மவளக் கூட்டிட்டுப் போயி, ஒரு ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்து, பெட்டி எழுந்திரிக்கிற வரைக்கும் அவ பக்கத்துல ஒக்காந்திருப்பேன். அதுக்குத்தான லா மேனேஜர்?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று பிற்பகல் நாங்கள் இருவரும் போய் அந்த மூன்றாவது மாடிப் பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினோம். விடுதியின் கடிகாரத்தைக் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றினேன். கோப்பில் லெட்சுமியக்காவின் பெயரை எடுத்துவிட்டு காக் யாத்தியின் பெயரை எழுதினேன். அந்த வாரமே மிஸ் படிவத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்த்தார். அப்போது என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து நான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்துக்குப் பொத்தானை அழுத்தப் போனாலும் அந்தச் சாம்பல் கோடுதான் கண்முன் நின்றது. மிஸ் கடிதத்தை வாங்கிக்கொண்டார். “போ. ஆனா அந்த ஹாஸ்டலுக்கு அடுத்த அப்டேட் வருது. அத முடிச்சிட்டுப் போ. இல்லேன்னா ஆயுசுக்கும் இது ஒன் நெஞ்சுலயே கெடக்கும்.”

அதைச் செய்த நாள் ஒரு புதன்கிழமை. முதலில் காக் யாத்தியை அழைத்து, சாப்பிட்டாச்சா என்று மலாயில் கேட்டேன். மூன்று மணிக்குப் பெண்கள் பெரும்பாலும் வகுப்பில் இருப்பார்கள், அதுதான் நல்ல நேரம் என்றார். தர்ஷினிக்கு அன்று மதியம் வகுப்பு இல்லை. மிஸ் வந்து உன்னோடு இருக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், டோபிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். அங்கே கைப்பேசி சிக்னல் உண்டே, போனின் டேட்டாவைப் போட்டுக்கொள் என்றேன்.

“போட மாட்டேம்மா. பத்து நிமிசம் என் நம்பரப் பாக்காம ஒங்களால இருக்க முடியுதான்னு பாப்போம். நீங்க போன் பண்ணாதீங்க. வைஃபை வந்ததும் நானே பண்றேன்.”

“சரி.”

“சத்தியமா?”

“சரின்னுதான சொல்றேன்.”

மூன்று மணிக்குக் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு அழுத்தினேன். மிஸ் தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு வேறு எதையோ வாசிப்பது போல உட்கார்ந்திருந்தார். பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மேசைமேல் இருந்த என் போனில் எண் மறைந்து சாம்பல் கோடு வந்தது. என் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். கீழ்த்தளம் முதலில் பச்சையானது, பிறகு முதல் மாடி. இரண்டாவது மாடி நேரம் எடுத்தது. மூன்றாவது மாடிப் பெட்டி கடைசியாக எழுந்தது. இந்த முறை இன்னொரு தட்டுத் தட்டி எந்தப் பதிப்பு என்றும் பார்த்தேன். புதியதுதான்.

சற்று நேரத்தில் எண்ணும் வந்துவிட்டது. 6.9. அம்பு நேராக இருந்தது.

போன் ஒலிக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. மிஸ் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் போனைத் திருப்பிக் குப்புற வைத்துவிட்டு, மீதியிருந்த படிவத்தை எழுதி முடித்தேன். வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். அழைக்கவில்லை.

ஏழு மணிக்கு அவள் அழைத்தாள்.

“அம்மா, என் மஞ்சத் துண்டு அங்கயா கெடக்கு? இங்க தேடித் தேடிப் பாத்துட்டேன்.”

“கொடியில காயுது.”

“சரி, வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.